மழையா, குவாரியா? ஊற்றைக் கண்காணிக்க எந்த வழி

திருகோணமலை நகரிலிருந்து அநுராதபுரம் போகும் வீதியில் கன்னியாவைத் தாண்டினால் சின்னச் சின்னக் கல்மலைகள் தெரியும். அவற்றில் ஒன்றின் அடிவாரத்தில் எங்கள் ஊர். மலையின் ஒரு தோளில் குவாரி. மறு தோளின் அடியில், இரண்டு மருத மரங்களுக்கு நடுவே, கல்லிடுக்கால் கசிந்து வரும் ஊற்று. கோயில் கிணறும் பக்கத்து வீட்டுக் கிணறுகளும் அந்த நீரோட்டத்தை நம்பித்தான் இருக்கின்றன. கோடையில் ஊரெல்லாம் காய்ந்து கிடக்கும்போதும் ஊற்றடியில் மட்டும் புல் பச்சையாக நிற்கும்.

குவாரியை இன்னும் கீழே வெட்டப் போகிறார்கள் என்று தெரிந்த பிறகு, ஆடி மாதம் பொதுநோக்கு மண்டபத்தில் கூட்டம் வைத்தோம். "தொண்ணூறில நாங்கள் ஓடேக்க இந்த ஊத்தில முழங்கால் அளவு தண்ணி நிண்டது. இப்ப கரண்டைக்கால் நனையுதில்லை" என்றார் ஓர் ஆச்சி. "அந்த வருசம் மழை எப்பிடி ஆச்சி? நீங்கள் போனது எந்த மாசம்?" என்று ஒரு தம்பி கேட்டான். மாதம் ஆச்சிக்கு நன்றாக ஞாபகம் இருந்தது, ஆனி. மழை ஞாபகமில்லை. அவருக்கு மட்டுமல்ல, மண்டபத்தில் இருந்த ஒருவருக்கும் தெரியவில்லை. பன்னிரண்டு வருடம் இடம்பெயர்ந்து இருந்துவிட்டுத் திரும்பிய ஊர் இது. அந்த இடைக்காலத்தில் ஊற்றைப் பார்த்த கண்ணே கிடையாது. திரும்பி வந்த பிறகும் யாரும் எழுதி வைக்கவில்லை.

கனடாவில் இருக்கிற ஊரவர்கள் ஒரு தொகை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதை எப்படிச் செலவழிப்பது என்று ஐந்து யோசனைகள் வந்தன. வாளியும் கொப்பியும் போதும் என்றார்கள் சிலர். வாய்க்காலில் வெட்டுப் பலகை வைத்து அளப்போம் என்றார் ஓய்வுபெற்ற ஓவசியர் ஒருவர். நீர்மட்டத்தைத் தானாகவே பதிந்து வைக்கும் லொகர் என்ற கருவியைக் கிணற்றுக்குள் இறக்க வேண்டும் என்றார்கள் படித்த பிள்ளைகள். ட்ரோன் பறக்க விடலாம் என்றார் ஒருவர். இதெல்லாம் எதற்கு, குவாரிக்காரரே மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆய்வுகூடத்துக்குத் தண்ணீர் அனுப்புகிறார்களாம், அந்த அறிக்கையைக் கேட்டு வாங்கினால் போதாதா என்றார் இன்னொருவர். நான் நீர்ப்பாசன வேலையில் தண்ணீர் அளந்தே காலம் போக்கியவன் என்பதால் ஒப்பிட்டு எழுதித் தரும்படி என்னிடம் கேட்டார்கள். கூட்டத்தில் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். இந்த மாவட்டத்தில் கல்லுடைக்கும் மலைகள் பல இருக்கின்றன. அங்கெல்லாம் அடிவாரத்தில் குடியிருப்பவர்களுக்கும் இது உதவக்கூடும்.

எந்த வழியை எடுத்தாலும் அது ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். தண்ணீர் குறைந்தால், குறைந்தது மழையாலா, குவாரியாலா? இதற்குப் பதில் சொல்லாத கருவி எவ்வளவு நுட்பமானதாக இருந்தாலும் எங்களுக்கு வேண்டாம். பல வருடத்துக்கு முன் வேறொரு மாவட்டத்தில் ஒரு கிராமத்தவர்கள் கிணறு வற்றிய படங்களைக் கட்டுக்கட்டாகக் கொண்டுபோய் அதிகாரிகள் முன் வைத்ததை நேரில் பார்த்தேன். "இது வரட்சியால் இல்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்?" என்ற ஒரு கேள்வியோடு எல்லாம் முடிந்துபோனது. அந்தச் சனங்கள் சொன்னது உண்மை என்றுதான் இன்றைக்கும் நான் நம்புகிறேன். ஆனால் அவர்கள் கையில் இருந்தது குறைந்த பிறகு எடுத்த படம் மட்டும்தான். குறைவதற்கு முன் எடுத்த அளவு ஒன்றுகூட இருக்கவில்லை.

கல்லுக்குள் தண்ணீர் போகும் வழி

கருங்கல் தண்ணீரை மண்ணைப் போலத் தேக்கி வைப்பதில்லை. மேலே சில மீற்றர் ஆழத்துக்கு உக்கிய கல்லும் மண்ணும் இருக்கும். மாரி மழை அங்கேதான் முதலில் இறங்கித் தங்கும். அதற்குக் கீழே இறுகிய பாறை, அதில் வெடிப்புகள். தண்ணீர் அந்த வெடிப்புகள் வழியாக நடந்து, மலையடியில் வெடிப்பு வெளியே திறக்கும் இடத்தில் ஊற்றாக வருகிறது.

கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகளும் ஒன்றுக்கொன்று சில அடி தூரத்திலேயே இருக்கின்றன. இராவணன் தாயின் கிரியைக்காக வாளால் குத்திய ஏழு இடம் என்பது ஐதீகம். ஆழத்துக்குப் போய்ப் பூமியின் சூட்டில் காய்ந்து மேலே வரும் தண்ணீர் என்பது புவியியல். நாங்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று. இவ்வளவு நெருக்கமாக இருந்தும் ஏழின் சூடும் ஒரேயளவு இல்லை. பாறை வெடிப்பில் வரும் தண்ணீருக்கு அடுத்தடுத்த கிணறுகளிலேயே வழி வேறாக இருக்கலாம். ஆகவே மலையின் ஒரு பக்கத்தில் ஓர் ஊற்றை அளந்துவிட்டு மலை முழுவதுக்கும் கணக்குச் சொல்ல முடியாது. ஒவ்வொரு கசிவுக்கும் ஓர் எண் கொடுத்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே அளக்க வேண்டும்.

குவாரி ஊற்றைத் தொடும் வழிகள் சில. வெட்டுமுகம் ஒரு வெடிப்பைக் குறுக்காக அறுத்தால், அடிவாரத்துக்கு வர வேண்டிய தண்ணீர் அந்த முகத்திலேயே வெளியே வந்துவிடும். குவாரிக் குழிக்குள் சேரும் தண்ணீரைப் பம்ப் வைத்து இறைத்தால் சுற்றிவர நிலத்தடி நீர்மட்டம் இறங்கும். மேல்மண்ணை வழித்து எடுத்தால் மழையைத் தேக்கிய பஞ்சே போய்விடும். அதன்பிறகு மாரியில் வெள்ளமாக ஓடும், கோடையில் கசிவு இராது. வெடி வைத்த கையோடு ஓரிரு நாள் ஊற்று கலங்கலாக வருவதும் உண்டு. இவற்றில் முதலாவதைத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன், ஏனென்றால் அது திரும்பாது. அறுந்த வெடிப்பை யாரும் ஒட்ட முடியாது. ஆனால் அதற்கு ஒரு முன்னறிகுறி உண்டு. குவாரி முகத்தில், மழை விட்டு வாரக்கணக்கான பிறகும், காயாத ஒரு கறுப்பு ஈரக்கோடு தெரியும். இதைப் பார்க்கக் குவாரிக்குள் போக வேண்டியதில்லை, போகவும் கூடாது. வீதியில் ஒரே இடத்தில் நின்று மாதம் இரண்டு தடவை படம் எடுத்தால் போதும்.

வாளியும் கொப்பியும்

ஊற்று விழும் இடத்தில் ஒரு பிவிசி குழாயைச் செருகி, பக்கக் கசிவுகளைக் களிமண்ணால் அடைத்து, 10 லீற்றர் வாளி நிறைய எத்தனை செக்கன் என்று கைபேசியில் பார்ப்பது. மூன்று தடவை பிடித்துச் சராசரி எடுக்க வேண்டும். 25 செக்கனில் நிறைந்தால் செக்கனுக்கு 0.4 லீற்றர், ஒரு நாளைக்கு 34,560 லீற்றர். இந்தக் கணக்கைக் கூட்டத்தில் சொன்னபோது சனங்கள் வியந்தார்கள். ஒல்லியாக ஓடுகிற ஊற்று இவ்வளவு தருகிறதா என்று.

இந்த வழியைச் சின்னதாக நினைக்க வேண்டாம். செக்கனுக்கு ஒரு லீற்றருக்கும் குறைவாக ஓடும் ஊற்றுக்கு வாளியைவிடத் திருத்தமான கருவியைத் தேட வேண்டியதில்லை. பற்றரி தீராது, களவு போகாது, பழுதானால் கடையில் வேறு வாங்கலாம். இதன் பலவீனம் ஆளில்தான் இருக்கிறது. இந்தக் கிழமை காலையில் அளந்துவிட்டு அடுத்த கிழமை பின்னேரம் அளந்தால் இரண்டையும் ஒப்பிட முடியாது. வெயில் ஏறினால் மருத மரமே ஊற்றடியின் தண்ணீரை உறிஞ்சும். கசிவு சிறியதாக இருந்தால் காலைக்கும் பின்னேரத்துக்கும் வித்தியாசம் தெரியும். ஆகவே ஒரே நேரம், ஒரே குழாய், ஒரே வாளி. முடிந்தால் ஒரே ஆள்.

எங்கள் ஊரில் அந்த ஆள் யார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. கோயிலுக்குத் தினமும் காலையில் அந்த ஊற்றில் தண்ணீர் அள்ளும் அக்கா ஒருவர் இருக்கிறார். யானை வந்து போயிருந்தால் முதலில் அறிபவரும் அவர்தான். ஆவணி, புரட்டாதியில் காட்டுக்குள் தண்ணீர் வற்றினால் யானை ஊற்றடிக்கு வரும். குழாயை மிதித்து நொறுக்கினால் அதையும் கொப்பியில் எழுத வேண்டும். குழாய் மாறிய நாள் எழுதப்படாவிட்டால், பிறகு வரைபில் தெரியும் பள்ளத்துக்கு யாராலும் காரணம் சொல்ல முடியாது.

வெட்டுப் பலகை

வாய்க்காலுக்குக் குறுக்கே ஒரு தகட்டை நிறுத்தி, அதன் நடுவே கீழ்நோக்கிக் கூம்பிய 90 பாகை வெட்டு வைத்து, வெட்டின் அடியிலிருந்து நீர்மட்டம் எத்தனை சென்ரிமீற்றர் நிற்கிறது என்று பின்னால் உள்ள அளவுகோலில் வாசிப்பது. நீர்ப்பாசனத்தில் நாங்கள் பழகிய முறை. மட்டம் 5 சென்ரிமீற்றர் என்றால் செக்கனுக்குச் சுமார் 0.77 லீற்றர், 10 சென்ரிமீற்றர் என்றால் சுமார் 4.4 லீற்றர். மட்டம் இரட்டிக்கும்போது ஓட்டம் ஐந்தரை மடங்குக்கும் மேல் கூடுகிறது. வாளியால் பிடிக்க முடியாத மாரி ஓட்டத்தையும் இது பிடித்துவிடும். ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைகூட ஒரு பார்வையில் வாசித்துவிடலாம்.

ஆனால் சிறிய ஓட்டத்தில் இதே தன்மை எங்களுக்கு எதிராகத் திரும்புகிறது. 5 சென்ரிமீற்றரில் 2 மில்லிமீற்றர் பிழையாக வாசித்தால் ஓட்டக் கணக்கில் பத்து சதவீதம் பிழை வரும். செக்கனுக்கு 0.1 லீற்றர் ஓடும் கசிவில் மட்டம் இரண்டே கால் சென்ரிமீற்றர்கூட வராது. அந்த அளவில் தண்ணீர் தகட்டில் ஒட்டிக்கொண்டு வழியும், மட்டத்திலிருந்து ஓட்டத்தைக் கணிக்கும் சூத்திரமே பொருந்தாது. பலகைக்குப் பின்னால் மண் நிறைந்தாலும் அளவு கெட்டுவிடும். மேல்மண் வழித்த மலையிலிருந்து மாரியில் வண்டல் நிறைய வரும் என்பதால் ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் வழித்துத் துப்புரவாக்க ஆள் வேண்டும்.

ஓவசியர் ஐயாவுடன் இதில் எனக்குச் சின்ன வேறுபாடு உண்டு. அவர் ஊற்றடியிலேயே பலகை வைக்கச் சொல்கிறார். கீழே எல்லாக் கசிவும் ஒன்றாகும் வாய்க்காலில் ஒன்றே ஒன்று வைத்தால் போதும் என்பது என் எண்ணம். ஊற்றடிக்கு வாளி, வாய்க்காலுக்குப் பலகை.

லொகர்

விரலளவு தடிப்பான உருக்குக் குழல். கிணற்றுக்குள் இறக்கிவிட்டால் மணிக்கொரு தடவை நீரின் அழுத்தத்தைப் பதியும். பற்றரி வருடக்கணக்கில் தாங்கும். மனிதர் பார்க்காத இரவில் நடப்பதையும் இது பார்க்கும். குவாரிக் குழியில் இரவில் பம்ப் ஓடினால் கிணற்று மட்டம் மணிக்கணக்கில் இறங்கி ஏறும். அதைக் கொப்பி ஒருநாளும் காட்டாது. அந்தவகையில் "மழையா, குவாரியா" என்ற கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்லக்கூடிய கருவி இதுதான் என்று ஒப்புக்கொள்கிறேன். மழை மணிக்கணக்கு அட்டவணை போட்டுப் பெய்வதில்லை.

அதில் ஒரு பொறி இருக்கிறது. லொகர் உணர்வது தண்ணீரின் அழுத்தம் மட்டுமல்ல, அதன்மேல் நிற்கும் காற்றின் அழுத்தமும் சேர்ந்ததே. எங்களைப் போல வெப்பமண்டலத்தில் காற்றழுத்தம் ஒரு நாளில் இரண்டு தடவை ஏறி இறங்கும். முற்பகல் பத்து மணியளவில் உச்சம், பின்னேரம் நாலு மணியளவில் தாழ்வு, இரவும் அப்படியே. அந்த வித்தியாசம் நீர்மட்டக் கணக்கில் சுமார் மூன்று சென்ரிமீற்றருக்குச் சமம். ஒருமுறை இளம்பிள்ளைகள் இப்படியொரு வரைபை என்னிடம் கொண்டுவந்து, "ஐயா, பாருங்கோ, யாரோ நாளுக்கு ரெண்டு தரம் இறைக்கிறாங்கள்" என்றார்கள். யாரும் இறைக்கவில்லை. காற்றழுத்தம்தான் மூச்சு விட்டிருந்தது. ஆகவே லொகர் வாங்கினால் காற்றழுத்தம் பதியும் இன்னொன்றையும் சேர்த்து வாங்க வேண்டும், அல்லது காற்றுக் குழாய் உள்ள வடத்தோடு வருவதை வாங்க வேண்டும். தரமான ஒன்றே பல நூறு டொலர். இரண்டு வாங்கினால் கனடாப் பணத்தில் பெரும்பகுதி போய்விடும்.

விலை ஒருபுறம் இருக்க, லொகர் அளப்பது கிணற்று நீர்மட்டத்தை, ஊற்றின் ஓட்டத்தை அல்ல. இரண்டும் உறவுள்ளவை, ஒன்றல்ல. வீட்டுக் கிணற்றில் இறக்கினால் வீட்டுக்காரர் இறைப்பதும் அதில் பதியும். யாரும் இறைக்காத ஒரு கைவிட்ட கிணறு, அதுவும் குவாரிக்கும் ஊற்றுக்கும் நடுவே இருந்தால்தான் லொகருக்குப் பொருள் உண்டு. எங்கள் ஊரில் அப்படி ஒரு கிணறு இருக்கிறது. இருப்பதால்தான் ஒரு சோடி லொகருக்கு நான் சம்மதிக்கிறேன். அந்தக் கிணறு இல்லாத ஊருக்கு இதைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

ட்ரோனும் செய்மதியும்

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். குளிர்நாடுகளில் விடியற்காலையில் வெப்பக் கமரா கொண்டு கசிவுகளைக் கண்டுபிடிக்கிறார்கள், ஏனென்றால் அங்கே நிலத்தடி நீருக்கும் வெளிக் குளிருக்கும் பெரிய வித்தியாசம். எங்கள் நிலத்தடி நீரின் சூடு வருடச் சராசரிக் காற்றின் சூட்டை ஒட்டி 28 பாகை செல்சியஸ் அளவில் இருக்கும். விடியப்புறக் காற்றும் அதைவிட அதிகம் குளிர்வதில்லை, கமராவுக்குப் பிடிபடுவது கடினம். அதற்கு மேல் இது திருகோணமலை. ஒரு பக்கம் கடற்படைத் தளம், ஒரு பக்கம் சீனன்குடா விமானத்தளம். ட்ரோன் அனுமதிக்கு நடக்கும் நேரத்தில் மலை முழுவதையும் காலால் நாலுதரம் சுற்றிவிடலாம். இலவசமாகக் கிடைக்கும் சென்டினல்-2 செய்மதிப் படத்தில் ஒரு புள்ளி 10 மீற்றர். ஊற்று அதில் தெரியாது. கோடை உச்சத்தில் பச்சையாக நிற்கும் திட்டுகளைப் பார்த்து, தெரியாத கசிவு எங்கே இருக்கலாம் என்று ஊகிக்க மட்டும் ஒருதடவை உதவும். அதைப் பிள்ளைகள் காசில்லாமலே செய்து தரலாம்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் அறிக்கை

கேட்டு வாங்குங்கள். ஆய்வுகூட முத்திரை உள்ள தாளுக்கு அலுவலகத்தில் இருக்கும் மதிப்பு எங்கள் கொப்பிக்கு உடனே வராது. 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள் கனிப்பொருட்கள் சட்டத்தின் கீழ் குவாரிக்கு உரிமம் கொடுப்பது புவிச்சரிதவியல் அளவை சுரங்கங்கள் பணியகம். 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் சுற்றாடல் பாதுகாப்பு உரிமமும் வேண்டும். உரிமத்தில் என்ன நிபந்தனை எழுதியிருக்கிறது என்று பிரதேச செயலகம் மூலம் கேட்டறிவது எங்கள் வேலை.

ஆனால் அந்த அறிக்கையை மட்டும் நம்பியிருக்க நான் சொல்ல மாட்டேன். இங்கே வருடத்துக்குப் பெய்யும் சுமார் 1,600 மில்லிமீற்றர் மழையில் பாதிக்கும் மேல் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையான மூன்று மாதத்தில் கொட்டிவிடும். வருடத்தில் நாலே நாலு நாள் அளந்தால், அந்த நாலும் மழைக்கு முந்தின நாளா பிந்தின நாளா என்பதே முடிவைத் தீர்மானித்துவிடும். 2020 டிசம்பர் 2 இரவு புரெவிப் புயல் குச்சவெளிப் பக்கம் கரையேறியது. அந்த வாரம் ஒரு மாதிரி எடுத்திருந்தால் எந்த ஊற்றும் செழிப்பாகத்தான் தெரிந்திருக்கும். அதோடு அந்த அறிக்கைகள் பெரும்பாலும் நீரின் தரத்தைச் சொல்கின்றன, அளவைச் சொல்வதில்லை. தெளிந்த, சுத்தமான, வற்றிக்கொண்டிருக்கும் ஊற்று என்று ஒன்று உண்டு.

தரத்துக்கு எங்கள் கையிலேயே ஒரு சின்னக் கருவி இருக்கலாம். பேனாவைப் போலச் சட்டைப் பையில் போடக்கூடிய, மின்கடத்துதிறனும் சூடும் காட்டும் மானி. லொகரின் விலையில் சிறு பங்குதான். கல்லுக்குள் நெடுநாள் நடந்த தண்ணீர் உப்புகளைக் கரைத்துக்கொண்டு வருவதால் எண் உயர்ந்தும், வருடம் முழுக்க அதிகம் மாறாமலும் இருக்கும். மழை பெய்த மறுநாளே எண் விழுந்தால், மேல்தண்ணீர் குறுக்கு வழியால் வருகிறது என்று பொருள். முன்பு விழாத ஊற்றில் இப்போது விழத் தொடங்கினால் வெடிப்பு ஏதோ திறந்திருக்கிறது. நைத்திரேற்றும் பார்க்கலாம். குவாரி வெடிமருந்தில் அமோனியம் நைத்திரேற்று இருக்கிறது, அது தண்ணீரில் உடனே கரையும். குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். ஆனால் வயல் பசளையும் மலசலகூடக் குழியும் அதே நைத்திரேற்றைத் தரும். ஆகவே வீடுகளுக்கும் வயலுக்கும் மேலே உள்ள கசிவில் எடுத்த மாதிரிதான் குவாரியைப் பற்றிப் பேசும், கீழ்க்கிணற்று மாதிரி பேசாது.

பட்டியலில் இல்லாத இரண்டு

கூட்டத்தில் யாரும் சொல்லாத இரண்டு விடயங்களுக்குத்தான் முதற்பணத்தைச் செலவிடச் சொல்கிறேன். ஒன்று மழைமானி. நகரத்து வானிலை நிலையத்தில் பெய்த மழை எங்கள் மலையில் பெய்த மழை அல்ல. சித்திரை மாத இடிமழை பக்கத்து ஊரை நனைத்துவிட்டு எங்களைத் தொடாமலே போகும். தினமும் காலை எட்டரைக்கு வாசிக்க வேண்டும். வளிமண்டலவியல் திணைக்களம் ஒரு நாள் மழையை மூடும் நேரம் அதுதான், பிறகு ஒப்பிட வசதி.

மற்றது ஒப்பு ஊற்று. குவாரி தொடாத வேறொரு மலையில், இதே மாதிரிக் கல்லில், இதேயளவு உயரத்தில் உள்ள ஓர் ஊற்றையும் அதே நாளில் அதே மாதிரி வாளியால் அளப்பது. ஆவணியில் இரண்டும் பாதியாகக் குறைந்தால் அது கோடை. எங்களது பாதியாகி, அது பத்தில் ஒன்று மட்டும் குறைந்தால், கேள்வி கேட்கும் உரிமை எங்களுக்கு வந்துவிடும். ஐந்து வழிகளில் எதை எடுத்தாலும் இந்த ஒப்பு ஊற்று இல்லாவிட்டால் அந்த "வரட்சிதானே" என்ற சொல்லுக்கு மறுமொழி கிடையாது. நாடெங்கும் பாதித்த 2016, 2017 வரட்சி மாதிரி இன்னொன்று வந்தால் குற்றமில்லாத குவாரியும் பழி சுமக்கும். அதுவும் நியாயமில்லை. ஒப்பு ஊற்று இரு பக்கத்துக்கும் சாட்சி.

எங்கள் கோடை இதற்கு ஒரு வரம். மே முதல் செப்டெம்பர் வரை பெரிதாக மழையில்லாத நீண்ட காலம். அந்த நாட்களில் ஊற்று தன் போக்கில், ஒரே விகிதத்தில் குறையும். ஓர் உதாரணக் கணக்கு: மே மாதம் செக்கனுக்கு 0.8 லீற்றர், ஜூனில் 0.6, ஜூலையில் 0.45, ஓகஸ்டில் 0.34 என்றால் ஒவ்வொரு மாதமும் முன்மாதத்தின் முக்காற்பங்கு. உயர்தர வகுப்புப் பிள்ளை மடக்கைத் தாளில் போட்டால் நேர்கோடு வரும். அடுத்த கோடையிலும் அதே சரிவுதான் வர வேண்டும். மாரி நன்றாகப் பெய்திருந்தால் கோடு உயரத்தில் தொடங்கும், குறைவென்றால் கீழே தொடங்கும், சரிவு மட்டும் மாறக் கூடாது. சரிவு செங்குத்தானால் மலைக்குள் தண்ணீர் போகும் வழி மாறியிருக்கிறது. இன்னொரு வரைபும் போடலாம். ஒவ்வொரு அளவையும் முன்னதோடு கூட்டிக்கொண்டே போய், எங்கள் ஊற்றின் மொத்தத்தை ஒரு பக்கமும் ஒப்பு ஊற்றின் மொத்தத்தை மறு பக்கமும் வைப்பது. கோடு எந்த மாதத்தில் மடிகிறதோ அந்த மாதத்தில் குவாரியில் என்ன வேலை நடந்தது என்று தேட வேண்டும்.

புல்மோட்டைப் பக்கம் இருந்து ஒருவர், "எங்களுக்கும் இது பொருந்துமோ?" என்று கேட்டார். பொருந்தாது. அங்கே தோண்டுவது கடற்கரைக் கனிய மணல், இல்மனைற்றும் ரூற்றைலும் சேர்க்கோனும் உள்ள மணல். ஊற்று என்று வாளி வைக்க ஒன்றும் இல்லை. மணலுக்குள் நன்னீர் உவர்நீரின் மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீற்றர் நன்னீர் நின்றால், கீழே சுமார் 40 மீற்றர் வரை அது உவரைத் தள்ளி வைத்திருக்கும் என்பது பழைய கணக்கு. மேலே ஒரு சாண் இறங்கினாலும் கீழிருந்து உவர் பல மடங்கு ஏறும். அங்கே முதலில் வாங்க வேண்டியது மின்கடத்துதிறன் மானி. மின்கடத்துதிறனின் அலகில் சொன்னால், கடல்நீர் சென்ரிமீற்றருக்கு 50,000 மைக்ரோசீமென்ஸ் அளவில் காட்டும். ஒரு குடிநீர்க் கிணறு சில நூறிலிருந்து ஆயிரங்களுக்கு நகரத் தொடங்கினால், நாக்குக்கு உவர்ப்புத் தெரிவதற்கு முன்பே மானி சொல்லிவிடும். எங்கள் மலையடியில் வாளி செய்யும் வேலையை அங்கே மானி செய்யும்.

ஆகவே எங்கள் ஊருக்கு என் முடிவு இது. மழைமானி இரண்டு, வாளி இரண்டு, கொப்பி, மின்கடத்துதிறன் மானி ஒன்று முதலில். வாய்க்காலில் வெட்டுப் பலகை மாரிக்கு முன். கைவிட்ட கிணற்றுக்கு லொகர் சோடி, பணம் வந்து சேர்ந்த பிறகு. அதுவும் முதல் நாள் இறக்கும்போதும் பிறகு மாதத்துக்கு ஒருமுறையும் நாடாவால் மட்டத்தைக் கையால் அளந்து ஒத்துப் பார்க்கும் நிபந்தனையோடு. ட்ரோன் வேண்டாம். ஆய்வுகூட அறிக்கையைக் கடிதம் எழுதிக் கேட்போம். எங்கள் அளவுகளின் பிரதியையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கிராம உத்தியோகத்தருக்கும் குவாரி முகாமையாளருக்கும் கொடுப்போம். ஒளித்து வைத்துப் பிறகு வெளியே எடுத்த கணக்கை யாரும் நம்ப மாட்டார்கள். முதல் நாளிலிருந்தே இரு பக்கமும் பார்த்த கணக்கை மறுப்பது கடினம்.

சரியாகச் சொன்னால், ஆழ வெட்டுவதற்கு முன் ஒரு மாரியும் ஒரு கோடையும் முழுதாக அளந்திருக்க வேண்டும். அந்த ஒரு வருடத்தைத் தரும்படி கேட்டு எழுதியிருக்கிறோம், பதில் இன்னும் வரவில்லை. பதில் வரும்வரை காத்திருந்தால் இந்தக் கோடையின் வாலும் கைநழுவிவிடும். ஒப்பு ஊற்றுக்கு மூன்று இடம் பார்த்ததில் ஒன்று யானைவழி, ஒன்றுக்குப் போகப் பாதையில்லை. மூன்றாவது ஒரு சிறிய பிள்ளையார் கோயிலுக்குப் பின்னால். அந்த ஊர் ஐயரும் சம்மதித்துவிட்டார். கொப்பி இரண்டு வாங்கியாயிற்று, ஒன்று அக்காவிடம், மற்றது பள்ளிக்கூட அலுமாரியில். வரும் திங்கட்கிழமை காலை எட்டரைக்கு இரண்டு ஊற்றிலும் முதல் வாளி பிடிக்கிறோம்.